தண்டோராவும் திருடனும்

'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்.' லேகிய பாட்டிலிலிருந்து பிஸ்கட் பாக்கெட் வரை இந்த வாசகம் இல்லாத பொருளைக் கடையில் தேடித்தான் எடுக்க வேண்டும். கொரோனா வந்து போன பிறகு கஷாயப் பொடிக்கும் இதே முத்திரை. எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மருத்துவ உலகம் இந்த நம்பிக்கையை ஒரு முறை பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. அதுவும் யாரிடம்? எதிர்ப்பு சக்தி கரைவதே நோயாக அமைந்துவிட்ட எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களிடம். இன்டர்லூகின்-2 என்பது நம் உடம்பே தயாரிக்கும் ஒரு புரதம். 'பெருகுங்கள்' என்று வெள்ளை அணுக்களுக்குச் சொல்லும் ரசாயனச் செய்தி. அதையே தயாரித்து ஊசியாகப் போட்டால் இழந்த சக்தி திரும்புமா? 'எஸ்பிரிட்' என்ற ஆய்வில் 4,111 பேரும் 'சில்காட்' என்ற ஆய்வில் 1,695 பேரும் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான எச்.ஐ.வி. மாத்திரைகள் உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக இந்த ஊசி. சுமார் 7 ஆண்டுகள் கண்காணித்தார்கள்.

2009-ல் முடிவு வந்தது. ஊசி போட்டுக் கொண்டவர்களின் சி.டி.4 செல்கள் நிஜமாகவே பெருகியிருந்தன. முதல் ஆய்வில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துக்குச் சராசரியாக 160 செல்கள் அதிகம். இரண்டாவதில் 50-க்கு மேல் அதிகம். ஆனால் எய்ட்ஸ் சார்ந்த நோய்களும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. முதல் ஆய்வில் தீவிரப் பக்க விளைவுகள்தான் கூடியிருந்தன.

செல் கூடியும் ஆயுள் ஏன் கூடவில்லை? இதற்குப் பதில் தேடினால், எச்.ஐ.வி. நம் உடம்பில் எப்படிப் பிழைக்கிறது என்பதே விளங்கிவிடும்.

நோய் எதிர்ப்பு செல்கள் ஒரே இடத்தில் முகாமிட்டிருக்கும் பட்டாளம் அல்ல. ரத்தத்தில், நிணநீர் முடிச்சுகளில், குடல் சுவரில் என்று உடம்பெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் கிருமி நுழைந்தால் அங்கிருக்கும் செல்கள் சிறு புரதங்களை வெளியே விட்டு மற்ற செல்களுக்குச் செய்தி சொல்கின்றன. இந்தப் புரதங்களுக்குப் பொதுப் பெயர் சைட்டோகைன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி. இன்டர்ஃபெரான், 'வைரஸ் வந்திருக்கிறது, கதவைச் சாத்து' என்கிறது. கெமோகைன் என்ற வகை, 'இந்தப் பக்கம் வா' என்று வழிகாட்டுகிறது. டி.என்.எஃப். என்பது, 'விழித்துக்கொள், தாக்கு' என்கிறது. இன்டர்லூகின்களில் சில 'பெருகு' என்கின்றன. சில 'போதும், அடங்கு' என்கின்றன. ஃப்ளூ வந்தால் காய்ச்சலும் உடம்பு வலியும் அசதியும் வருகிறதே, அதில் பெரும்பங்கு கிருமியின் நேரடி வேலை அல்ல. இந்தச் சேதிகளின் சத்தம்.

கிராமத்தில் தண்டோரா போடுவது போலத்தான். தண்டோராவுக்கு ஒரு குறை உண்டு. ஊரைக் கூட்டுகிற அந்தச் சத்தம் திருடன் காதிலும் விழும்.

எச்.ஐ.வி. குடியேறுவது சி.டி.4 என்ற அடையாளம் தாங்கிய செல்லில். மற்ற எதிர்ப்பு செல்களுக்குச் சேதி அனுப்பி வேலை வாங்கும் செல் இது. உள்ளே போன வைரஸ் தன் மரபுச் சரட்டை அந்த செல்லின் மரபணுத் தொகுப்போடு சேர்த்துத் தைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு செல் உறங்கினால் வைரஸும் உறங்கும். செல் விழித்தால் வைரஸும் விழிக்கும். டி.என்.எஃப். வந்து கதவைத் தட்டும்போது செல்லுக்குள் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் கிளம்பி உட்கருவுக்குள் போகிறது. போராட்டத்துக்கு வேண்டிய மரபணுக்களின் சுவிட்சைப் போடுகிறது. எச்.ஐ.வி.யின் மரபுச் சரட்டின் முகப்பிலும் அதே சுவிட்ச் இருப்பதை 1987-ல் அமெரிக்காவில் கேரி நேபலும் டேவிட் பால்டிமோரும் கண்டார்கள். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அடிக்கும் மணியே வைரஸைப் படியெடுக்கும் இயந்திரத்தையும் ஓட வைக்கிறது.

இந்த விஷயத்தில் இந்தியாவுக்குத் தனிக் கவலை உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய 'பி' வகை எச்.ஐ.வி.க்கு இந்த சுவிட்ச் பொதுவாக இரண்டு. இந்தியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் மேலோங்கி நிற்கும் 'சி' வகைக்கு வழக்கமாக மூன்று. நான்கு சுவிட்ச் கொண்ட வைரஸ்கள் இந்திய நோயாளிகளிடம் தலைகாட்டுவதையும் அவை மேலும் வேகமாகத் தம்மைப் படியெடுப்பதையும் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் உதய்குமார் ரங்காவின் குழு 2012-ல் வெளியிட்டது. நம் ஊர் வைரஸுக்குக் காது கொஞ்சம் கூர்மை.

சேதி சொல்லும் புரதங்கள் எல்லாமே வைரஸுக்குச் சாதகம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1986-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் ஜே லெவியின் குழு ஒரு விநோதத்தைக் கவனித்தது. தொற்று இருந்தும் நோய் முற்றாதவர்களின் ரத்தத்திலிருந்து சி.டி.8 என்ற வகை செல்களை நீக்கினால் எச்.ஐ.வி. பெருகியது. அந்த செல்களைத் திருப்பிச் சேர்த்தால் அடங்கியது. தொற்றிய செல்களைக் கொல்லாமலே சி.டி.8 செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து வைரஸை அமுக்கின. அது என்ன பொருள்?

9 ஆண்டுகள் கழித்துப் பாதி விடை கிடைத்தது. 1995 டிசம்பரில் ராபர்ட் காலோவும் பாவ்லோ லுஸோவும் உள்ளிட்ட குழு ரான்டெஸ், மிப்-1 ஆல்ஃபா, மிப்-1 பீட்டா என்ற மூன்று கெமோகைன்களின் பெயரைச் சொன்னது. (லெவி கண்டது இவை மட்டும் அல்ல என்பது பிறகு தெரிந்தது.) வழிகாட்டும் புரதம் ஏன் எச்.ஐ.வி.யைத் தடுக்க வேண்டும்? இதற்கான பதில் சில மாதங்களிலேயே வந்தது. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைய சி.டி.4 என்ற ஒரு பிடி போதாது. இரண்டாவதாக ஒரு வாசலும் வேண்டும். 1996 மே மாதம் எட்வர்ட் பெர்கர் குழு ஒரு வாசலைக் கண்டது. ஜூனில் பல ஆய்வுக்கூடங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இன்னொன்றைக் கண்டன. அதன் பெயர் சி.சி.ஆர்.5. ரான்டெஸும் மிப்-களும் வந்து உட்காரும் இருக்கையே அது. கெமோகைன் உட்கார்ந்துவிட்டால் வைரஸுக்கு இடமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு வியப்பு. எச்.ஐ.வி.க்குப் பல முறை ஆளாகியும் தொற்றாதவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களின் சி.சி.ஆர்.5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருந்தன. வாசலே இல்லாத வீடு. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவருக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறை கிடைக்கிறது. இந்தியர்களிடம் இது மிக அரிது. பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற டிமோதி ரே பிரவுனுக்கு, இத்தகைய குறையுள்ள ஒருவரின் எலும்பு மஜ்ஜை செல்களை 2007-லும் 2008-லும் டாக்டர் கெரோ ஹூட்டர் செலுத்தினார். எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. 2020-ல் பிரவுன் இறந்தது மீண்டும் தாக்கிய புற்றுநோயால். அதன் பிறகு லண்டனிலும் டுசெல்டார்ஃபிலும் இதே வழியில் சிலர் குணமானார்கள். ஆனால் உயிரைப் பணயம் வைக்கும் இந்த மாற்று சிகிச்சை புற்றுநோய் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அதே வாசலை அடைக்கும் மாராவிராக் என்ற மாத்திரைக்கு 2007-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

ஆக, ஒரு சேதி வைரஸை எழுப்புகிறது, இன்னொரு சேதி அதன் வழியை அடைக்கிறது. இதைவிடச் சிக்கலானது இன்டர்ஃபெரானின் கதை. அங்கே ஒரே சேதி நேரத்தைப் பொறுத்து நண்பனாகவும் விரோதியாகவும் மாறுகிறது.

எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி.யைக் குரங்குகளுக்குச் செலுத்தி நடத்திய அமெரிக்க ஆய்வு 2014-ல் வெளியானது. தொற்றின் தொடக்கத்தில் இன்டர்ஃபெரான் சேதி செல்களை எட்டாமல் தடுத்தபோது வைரஸின் பதுங்கு கிடங்கு பெருத்தது. எய்ட்ஸ் சீக்கிரம் வந்தது. சரி, வெளியிலிருந்து இன்டர்ஃபெரானைக் கொடுத்தால்? முதலில் அருமையான பலன்; தொற்று உடம்பில் பரவவே முடியவில்லை. தொடர்ந்து கொடுத்தபோது காரியம் தலைகீழானது. ஓயாத சத்தத்துக்குப் பழகிப்போன செல்கள் அதைச் சட்டை செய்வதை நிறுத்திவிட்டன. கடைசியில் தொற்றிக்கொண்ட குரங்குகளிடம் வைரஸ் கிடங்கும் பெரிது, சி.டி.4 இழப்பும் அதிகம். முதல் சில நாளில் மருந்தாக இருந்தது போகப் போக நஞ்சாகிவிட்டது.

இயற்கையே இந்தப் பாடத்தை ஆப்பிரிக்கக் காட்டில் எழுதி வைத்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்காபி குரங்குகள் தலைமுறை தலைமுறையாக எஸ்.ஐ.வி.யைச் சுமப்பவை. அவற்றின் ரத்தத்தில் வைரஸ் ஏராளம். ஆனால் எய்ட்ஸ் வருவது அரிது. அதே வைரஸ் குடும்பம் ஆசிய ரீசஸ் குரங்குக்குள் போனால் எய்ட்ஸில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று 2009-ல் வெளியான ஆய்வுகள் பார்த்தன. வைரஸ் நுழைந்ததும் இரண்டு வகைக் குரங்குகளும் இன்டர்ஃபெரான் தண்டோராவைப் பலமாகவே அடிக்கின்றன. மங்காபி சில வாரங்களில் நிறுத்திக்கொள்கிறது. ரீசஸ் குரங்கு நிறுத்துவதே இல்லை. அது அழிவது வைரஸால் மட்டுமல்ல, ஓயாத தன் சத்தத்தாலும்தான்.

மனிதர்கள் இதில் ரீசஸ் கட்சி. எச்.ஐ.வி. தொற்றிய முதல் வாரங்களில் சைட்டோகைன்கள் பொங்கி எழுகின்றன. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் இந்த அளவுக்குப் பொங்க வைப்பதில்லை. அதே வாரங்களில் குடல் சுவரில் உள்ள சி.டி.4 செல்கள் பெருமளவில் அழிகின்றன. குடலின் வேலி பிரிந்து போகிறது. அங்கே சாதாரணமாக வசிக்கும் பாக்டீரியாக்களின் சிதறல்கள் ரத்தத்தில் கசிகின்றன. இதை 2006-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேசன் பிரென்ச்லியும் டேனியல் டூக்கும் காட்டினார்கள். கசிவு நிற்காததால் தண்டோராவும் நிற்பதில்லை. இந்தத் தொடர் கொந்தளிப்பை மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள்.

அழற்சியின் விலை என்ன என்பது ஒரு சோதனையில் தெரிந்தது. மாத்திரைகளின் பக்க விளைவுகளைக் குறைக்க, சி.டி.4 நல்ல எண்ணிக்கையில் இருக்கும்போது மருந்தை நிறுத்தி, 250-க்குக் கீழே இறங்கினால் மீண்டும் தொடங்கலாம் என்று 'ஸ்மார்ட்' ஆய்வு 5,472 பேரிடம் முயன்றது. விட்டு விட்டு மருந்து எடுத்தவர்களுக்கு நோய் அல்லது மரண அபாயம் 2.6 மடங்கு என்று தெரிந்ததால் 2006 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். அதிர்ச்சி என்னவென்றால், இறந்தவர்களில் பலருக்கு மரண காரணம் எய்ட்ஸ் அல்ல. இதயம், சிறுநீரகம், கல்லீரல் சார்ந்தவை. அவர்களின் சேமித்த ரத்தத்தைப் பிறகு சோதித்தார்கள். அழற்சிச் செய்தியான இன்டர்லூகின்-6-ம், ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமரும் உயர்ந்திருந்தவர்களுக்கே சாவின் ஆபத்து அதிகம் என்று 2008-ல் தெரியவந்தது.

இப்போது இன்டர்லூகின்-2 ஊசிக்குத் திரும்பலாம். அந்த ஊசி செல்களைப் பெருக்கியது. கூடவே அழற்சியின் அடையாளங்களையும் டி-டைமரையும் உயர்த்தியது. புதிதாகப் பெருகிய செல்கள் சண்டைக்குப் பழகியவையா என்பதும் சந்தேகம். கூட்டம் சேர்ந்தது, காவல் சேரவில்லை.

இந்தியாவில் இந்த விஷயம் ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை. இங்கே எச்.ஐ.வி.யின் நெருங்கிய கூட்டாளி காசநோய். காசக் கிருமியை நுரையீரலில் சிறை வைக்க டி.என்.எஃப். அவசியம். மூட்டு வாதத்துக்காக டி.என்.எஃப்.பை முடக்கும் மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு உறங்கிய காசநோய் விழித்ததை 2001-லேயே மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அதே டி.என்.எஃப். எச்.ஐ.வி.யின் சுவிட்சையும் போடுகிறது. காசத்தை அடக்கும் கை எச்.ஐ.வி.க்குத் தீனி போடுகிறது. இரண்டு நோயும் உள்ளவருக்கு எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கும்போது இன்னொரு சங்கடம். மீண்டெழும் எதிர்ப்பு சக்தி, அதுவரை கண்டுகொள்ளாத காசக் கிருமியை ஒரே மூச்சில் தாக்க, காய்ச்சலும் வீக்கமும் கூடுகின்றன. 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அது மருந்து வேலை செய்வதன் அறிகுறியாக இருக்கலாம். சி.டி.4 100-க்கு மேல் போகாத காசநோயாளிகளிடம் தென் ஆப்பிரிக்காவில் நடந்த சோதனை ஒன்று 2018-ல் வெளியானது. எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை முதல் நான்கு வாரம் கொடுத்தபோது இந்தக் கொந்தளிப்பு நூற்றுக்கு 47 பேரிலிருந்து 33 பேராகக் குறைந்தது. டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது. தானாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. ஆனால் எச்.ஐ.வி. நோயாளிக்கு எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அடக்குவதே சில சமயம் நன்மை என்றால், 'கூட்டும்' என்ற விளம்பர வாசகம் எங்கே போய் நிற்கிறது?

எச்.ஐ.வி. இருப்பவர்களுக்குத் 'சக்தி' மருந்து விற்கும் வியாபாரம் இந்தியாவில் பழையது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது தர மருந்து இல்லை. அந்த வெற்றிடத்தில் வேர்களும் பஸ்பங்களும் புகுந்தன. மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் விதிகளில் அட்டவணை 'ஜே' என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோயைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் மார்தட்டக் கூடாது என்ற பட்டியல் அது. அதில் முதல் பெயர் எய்ட்ஸ். 'குணமாக்கும்' என்று எழுத முடியாதவர்கள் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று எழுதிச் சட்டத்தைச் சுற்றிப் போகிறார்கள்.

வைரஸின் அளவைக் குறைக்காமல் தண்டோராவை நிறுத்த முடியாது. தண்டோரா நிற்காமல் உடம்பு தேறாது. அதைச் செய்வது கூட்டு மருந்து மாத்திரை. அது செல்களைப் பெருகச் சொல்வதில்லை. வைரஸ் படியெடுப்பதை மட்டும் நிறுத்துகிறது. சத்தம் தணியத் தணிய சி.டி.4 செல்கள் தாமாகவே ஏறுகின்றன. சீக்கிரம் தொடங்கினால் எவ்வளவு நல்லது என்பதை 4,685 பேரிடம் நடந்த 'ஸ்டார்ட்' ஆய்வு 2015-ல் காட்டியது. சி.டி.4 500-க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குத் தீவிர நோயும் மரணமும் பாதிக்கு மேல் குறைந்தன. 2017-ல் இந்திய அரசு, எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் தொற்று தெரிந்த எல்லோருக்கும் மருந்து என்று கொள்கையை மாற்றியது.

மாத்திரை சாப்பிட்டாலும் கொஞ்சம் அழற்சி மிஞ்சத்தான் செய்கிறது. நீண்ட நாள் வாழும் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பதற்கு அது ஒரு காரணம். 2023-ல் வெளியான 'ரிப்ரீவ்' ஆய்வில், இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் 7,769 பேர் கலந்துகொண்டார்கள். பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை இதய, ரத்தக் குழாய் நோய்களை 35 சதவீதம் குறைத்தது. 40 வயதைத் தாண்டியவர்கள் இதைப் பற்றித் தங்கள் டாக்டரிடம் கேட்கலாம். புகையிலையை விடுவதும் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

2023-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004-லிருந்து மருந்து இலவசம். சி.டி.4 ஏறிவிட்டது, உடம்பு தேறிவிட்டது, இனி ஒரு சக்தி டானிக் போதும் என்று மாத்திரையை நிறுத்துபவரிடம் 'ஸ்மார்ட்' ஆய்வின் கதையை யாராவது சொல்ல வேண்டும். மாத்திரை நின்றால் உறங்கும் செல்களில் பதுங்கிய வைரஸ் சில வாரங்களில் எழுந்துவிடும். சத்தம் மீண்டும் தொடங்கும். கேட்க வேண்டிய கேள்வி, 'சக்தி எவ்வளவு கூடியது?' என்பதல்ல. 'ரத்தத்தில் வைரஸ் அளவு என்ன?' என்பதே. அந்தப் பரிசோதனையும் இலவசம்தான். விடை 'கண்டறிய முடியவில்லை' என்று வந்தால், அந்தத் தொற்று உடலுறவின் வழியாகத் துணைக்கும் பரவாது.

மருந்துக் கடையில் 'எதிர்ப்பு சக்திக்கு' என்று ஒரு பாட்டிலை நீட்டினால் வாங்குவதும் விடுவதும் அவரவர் பர்ஸைப் பொறுத்தது. அதை நம்பி ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது.